துப்பாக்கி மூக்கில் சந்தனம்

சென்ற ஆவணியில் திருத்தணியில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். இலையில் பதினேழு வகை வைத்தார்கள். நான் சாப்பிடக்கூடியது அதில் நான்கு. பந்திக் கூடத்தில் பன்னிரண்டு மின்விசிறிகள். ஓடாதது ஒன்றே ஒன்று, அது என் தலைக்கு மேல். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது பக்கத்து இலையில் நடந்த பேச்சுதான். பெரியப்பாவின் பேரன், பெங்களூரில் வேலை பார்ப்பவன், புதிதாகக் கட்டிக்கொண்ட மனைவிக்கு எங்கள் அத்தையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க தாத்தாவோட தங்கச்சி ஒருத்தங்க இருந்தாங்க. துப்பாக்கிய எடுத்து வானத்தப் பாத்து சுட்டாங்களாம். கீழ இருந்த பானை ஒடஞ்சிச்சாம். லக்குன்னா அது லக்கு!"

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவரும் நின்று சிரித்தார்.

"அது லக்கு இல்லடா" என்றேன்.

"அப்ப நீங்க சின்னப் பையன் சித்தப்பா. உங்களுக்கு இன்னா தெரியும்?"

சின்னப் பையன்தான். ஆனால் எண்ணத் தெரிந்த சின்னப் பையன். அன்றைக்கு ஏரிக்கரையில் நின்றவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான் மட்டும். நானும் போய்விட்டால் அத்தை குருட்டு அதிர்ஷ்டக்காரி என்றே ஆகிவிடுவாள். அதை நான் விடுவதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகைக்குப் போகிற வழியில் இருந்தது. பெரியப்பாவும் என் அப்பாவும் ஒரே வீட்டில், ஒரே உலைச் சோற்றைச் சாப்பிட்டார்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெரியப்பா பேசி முடித்த பிறகு தலையாட்டுவார். அதுதான் அவர் பேச்சு. இவர்கள் இருவருக்கும் தங்கை அத்தை. அவளைக் கட்டியவர் பம்பாயில் மில் வேலைக்குப் போனார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு தகர டப்பா அல்வாவோடு வருவார், அது தீர்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். அத்தை எங்களோடேயே இருந்தாள். வீட்டில் அவளுக்கு இல்லாத வேலை கிடையாது, இருக்கிற இடம் என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் அவளுக்கு ஒரு காணி நிலம் இருந்தது. ஏரிக்குக் கீழே, மடைத் தண்ணீர் முதலில் வந்து சேரும் நிலம். கல்யாணத்தின்போது மஞ்சக்காணி என்று, பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராக, அவள் பெயருக்கே எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி. உழுததும் விதைத்ததும் விற்றதும் பெரியப்பாதான்.

பெரியப்பாவிடம் இருந்ததோ ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள். அந்தக் காலத்தில் அவர் ஒரு ஜமீன் வீட்டில் கார் ஓட்டியவர். ஜமீன் நொடித்துப்போய்ச் சாமான்களை விற்றபோது, காரைக் கேட்காமல் ஒரு ரிவால்வரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காட்டுப்பன்றியிலிருந்து பயிரைக் காக்க என்று சொல்லி லைசென்சும் எடுத்துவிட்டார். டூரிங் கொட்டகைப் படங்களில் தொப்பிக்காரர்கள் இடுப்பில் தொங்குமே, அந்த ஜாதித் துப்பாக்கி. நீளக் குழல், வளைந்த மரப்பிடி, நடுவில் ஆறு குழி உள்ள உருளை. விசையை அழுத்தினால் மட்டும் சுடாது. ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கிற குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். அப்போது உருளை ஒரு குழி திரும்பும். அதன் பிறகுதான் விசை. ஆறு குழி இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போடுவார். குதிரை படுத்திருக்கிற குழி காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தவறிக் கீழே விழுந்தாலே வெடித்துவிடும் என்பார்.

அந்தத் துப்பாக்கி ஒரு பன்றியையும் சுட்டதில்லை. சத்தத்துக்கே பன்றிகள் ஓடிவிட்டன. வருஷத்தில் ஒரே நாள், விஜயதசமியன்று, உறவினர்கள் சூழ ஏரிக்கரைக்குப் போவார். கரையடியில் ஒரு பாறை, அதன் மேல் சுண்ணாம்பு பூசிய பானை. ஐந்து தோட்டா. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பானை சிதறும். மிச்சத்தை உடைந்த ஓட்டின் மேல் சுடுவார். அதன்பின் ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு.

"பின்னால பள்ளம் இருக்குதா? முன்னால மூக்கு இருக்குதா?" கண்ணுக்கு அருகே, உருளைக்கு மேலே இருக்கும் வெட்டை அவர் பள்ளம் என்பார், குழலின் நுனியில் நகம்போல நிற்கும் சின்னத் தகட்டை மூக்கு என்பார். "பள்ளத்துல மூக்கு நிக்கணும். மூக்கு மேல பானை உக்காரணும். அவ்ளோதான் வித்தை. மூக்குத் தகடு கொஞ்சம் ஒசரமா இருந்தா குண்டு எறங்கிடும். தெரிஞ்சிக்கோ."

இதை அவர் நைனாவுக்குச் சொல்லுவார், வருகிற விருந்தாளிக்குச் சொல்லுவார், மாட்டுக்காரனுக்கும் சொல்லுவார். அத்தைக்குச் சொன்னதே இல்லை. அவள் அந்த நேரத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராச்சாப்பாட்டில் சண்டை வந்தது. பெரியம்மாவின் தம்பி பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்தார். நன்றாக வாரிய தலை, பையில் எப்போதும் பாக்கு.

அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "தசமி அன்னிக்கு என் நிலத்துல நானே ஏர் கட்டப்போறேண்ணா" என்றாள்.

பெரியப்பா நிமிர்ந்தார். "மச்சானுக்குக் குத்தகைக்கு வுட்டாச்சின்னு காலையிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன். காதுல வுழல?"

"வுழுந்திச்சி. யாரக் கேட்டு வுட்டீங்க?"

பள்ளிப்பட்டுக்காரர் சிரித்தார். "மலையிலேர்ந்து பன்னி எறங்குது தாயீ. மல்லாட்டைச் செடியப் பொரட்டி, ஒரே ராத்திரியில கடலையத் தின்னுட்டுப் பூடும். நீ இன்னா பண்ணுவே? இந்த ரசக் கரண்டியால அடிப்பியா?"

"மொதல்ல அதுக்கு ரசம் ஊத்துவேன். சாப்ட்டு முடிச்சதும் எழுந்து போவுதா, இல்ல நெலத்தக் கேக்குதான்னு பாப்பேன்."

பெரியம்மா சட்டென்று உள்ளே போனாள். நைனா இலையைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன், தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் சிரிப்பார். அன்றைக்கும் சிரித்தார். "பன்னிய வுடு பாப்பா. அசையாம உக்காந்துகினு இருக்குற பானைய அடி, பாக்கலாம். நான் சுடறப்ப உனக்கும் ஒரு தோட்டா தரேன். பானை ஒடஞ்சா நெலம் உன் இஷ்டம். ஒடையலன்னா அப்பறம் வாயே தொறக்கக் கூடாது."

"நீங்க ஒடைக்கலன்னா?"

"நானா?" அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வருஷா வருஷம் ஒடைக்கிறவன் நானு."

"ஆங். அப்ப சரி" என்று அத்தை ரசக் குண்டானை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பூஜை. கலப்பைக் கொழு, அரிவாள்கள், மண்வெட்டி, பம்ப்செட்டின் கைப்பிடி, நைனாவின் சைக்கிள், என் சிலேட்டு, எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாகிவிட்டது. கடைசியில் ஒரு முழு வாழையிலையில் ரிவால்வர். சந்தனம் அரைப்பதும் பொட்டு வைப்பதும் அத்தையின் வேலை. கிண்ணம் பிடிப்பது என் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். கொழுவுக்கு மூன்று, சைக்கிளுக்கு மூன்று, சிலேட்டுக்கு மூன்று. நான் கூடவே வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். அது அப்போதே என் வியாதி.

ரிவால்வருக்குப் பிடியில் ஒன்று, உருளையில் ஒன்று, குழலில் ஒன்று. மூன்று ஆயிற்று. நான் கிண்ணத்தை நகர்த்தினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கெட்டியாக ஒரு விரல் எடுத்து, குழல் நுனியில் இருந்த அந்த மூக்கின் உச்சியில் வைத்தாள். வாயால் ஊதினாள். அது காய்ந்ததும் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் வைத்தாள். மறுபடியும் ஊதினாள். குங்குமத்தைச் சின்னதாக ஒற்றினாள்.

"இதுக்கு மட்டும் ஏன் அத்த நாலு?"

"மூக்குக்கு வெக்கலன்னா அது கோச்சிக்கும்டா" என்றாள்.

சரியான பதிலாகத்தான் எனக்குப் பட்டது.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. சந்தனம் வெயிலில் வைத்த மண்போல இறுகிவிட்டது.

விஜயதசமி காலையில் ஏரிக்கரைக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். கரைச் சரிவில் ஒரு பனைமரம். ஏலத்துக்காக அந்தக் கரை மரங்களுக்கெல்லாம் தாரில் எண் போட்டிருப்பார்கள். இதன் எண் நாற்பத்தொன்று. மரத்துக்கு முன்னால்தான் அந்தப் பாறை, அதன்மேல் பானை. பானையின் வாய்க்கு ஒரு சாண் மேலே, பின்னால் அந்த நாற்பத்தொன்று தெரியும். இதைக் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது.

தூரத்தில் மலை தெரிந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் அதைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகன் கோவம் தணிஞ்சி உக்காந்த ஊருடா இது. மலையில சூரசம்ஹாரமே பண்றதில்ல. நீங்க இன்னாடான்னா பானைய சம்ஹாரம் பண்றீங்க" என்றார்.

"பானை ஒண்ணும் சூரன் இல்ல பெரியவரே" என்றார் பெரியப்பா.

ஐந்து தோட்டா போட்டு, காலை அகற்றி நின்று, குதிரையை இழுத்தார். பள்ளத்தில் மூக்கு. மூக்கின் மேல் பானை. வெடித்தது. பானைக்குக் கீழே பாறையில் வெள்ளையாக ஒரு சில்லு பெயர்ந்தது.

"ஒண்ணு" என்றேன். இரண்டாவதும் பாறையில். மூன்றாவது, முதல் சில்லுக்குப் பக்கத்திலேயே. நான்காவதுக்கு முன்னால் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பாவா, நுனியில சந்தனம் கட்டி கட்டியா நிக்குது. தொடச்சிட்டு சுடுங்க" என்றார் பள்ளிப்பட்டுக்காரர்.

பெரியப்பா எரிந்து விழுந்தார். "பூஜ சந்தனத்தத் தொடைக்கிறதா? பஸ்காரன், லாரிக்காரன் எவனாச்சும் தொடைக்கிறானா? அது தானா உதிரணும். பேச வந்துட்ட."

நான்கும் ஐந்தும் பாறையில்தான் பட்டன. ஐந்து வெள்ளைத் தழும்புகளும் ஒரு தட்டுக்குள் அடங்கும். பானை சுண்ணாம்புப் பூச்சுகூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தது. தோட்டா பழசு என்றார் பெரியப்பா. காத்து என்றார். காற்றே இல்லை.

"என் தோட்டாவக் குடுண்ணா" என்றாள் அத்தை.

அவர் வெற்று உறைகளைத் தட்டிவிட்டு, பையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து ஏதோ ஒரு குழியில் செருகி, உருளையைத் தள்ளிச் சுழற்றி, பிடியை அவள் பக்கம் நீட்டினார். எந்தக் குழி என்று அவரே பார்க்கவில்லை. அத்தை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். அவள் கட்டைவிரல் ஒன்றுக்குக் குதிரை அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து இழுத்தாள்.

நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றேன். அவள் கண் பானையைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, பனையில் எழுதிய நாற்பத்தொன்றைப் பார்த்தது.

"தோ பாரு, பானைய சுடச் சொன்னா பனங்கா பறிக்கிறா" என்று யாரோ சொன்னார்கள். பெரிய சிரிப்பு. அத்தை விசையை அழுத்தினாள்.

டிக் என்றது. அவ்வளவுதான்.

சிரிப்பு இரண்டு மடங்கானது. பெரியப்பா கையை நீட்டினார். "முடிஞ்சிது பாப்பா. குடு."

அப்போது கத்தியவன் நான்தான். "முடியல பெரிப்பா! அது காலிக் குழி! தோட்டா உள்ளாரயே இருக்குது! ஆறுல ஒண்ணுதான் போச்சி, இன்னும் அஞ்சி பாக்கி!"

நைனா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். குட்டிவிட்டு, என் பிறவியிலேயே முதல் முறையாக, தன் அண்ணன் பேசி முடித்த பிறகு நைனா வாயைத் திறந்தார். "கணக்கு சரிதாண்ணா. ஒரு தோட்டா தரேன்னீங்க. தோட்டா இன்னும் வெடிக்கல."

பெரியப்பா கையை இழுத்துக்கொண்டார்.

அத்தை மறுபடி இரண்டு கட்டைவிரலால் இழுத்தாள். குறி மேலே போய் அதே நாற்பத்தொன்றில் நின்றது. டிக். மூன்றாவது முறை இழுத்தாள். அதே நாற்பத்தொன்று. டிக். பள்ளிப்பட்டுக்காரர் பாக்கை மென்றபடி, "எங்க அக்கா மிக்சர் வறுத்து வெச்சிருக்குது, எடுத்தாரட்டுமா? பொழுது போவணுமே" என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மேல்உதட்டில் வேர்வை நின்றது. கை மட்டும் ஆடவில்லை.

நான்காவது முறையும் குறி நாற்பத்தொன்றில் நின்றது. வெடித்தது.

கொக்குகள் எழும்பின. பாறையின் மேல் பானையின் அடி ஓடு மட்டும் ஒரு தட்டைப்போல ஆடி நின்றது.

இந்த இடத்தில்தான் எங்கள் குடும்பம் அறுபது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. மேலே பார்த்துச் சுட்டாள், கீழே இருந்தது உடைந்தது. குருட்டு அதிர்ஷ்டம். நான் கேட்கிறேன்: அதிர்ஷ்டம் நான்கு முறை ஒரே எண்ணையா குறி பார்க்கும்? மூன்று முறை வெடிக்காமல் போயும், அத்தனை பேர் சிரித்தும், அவள் குறியை ஒரு விரற்கடைகூடக் கீழே இறக்கவில்லை. பானையை உடைக்க வேண்டுமென்றால் பானையைப் பார்க்கக்கூடாது என்று அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அது எப்படித் தெரியும் என்பது எனக்குக் கல்லூரியில் விளங்கியது. என்.சி.சி.யில் சேர்ந்து முதல் முறை ரைபிளைப் பிடித்த அன்று ஹவில்தார் சொன்னார், முன்குறித் தகடு உயரமாக இருந்தால் குண்டு தாழும் என்று. வெயிலில் குப்புறப் படுத்திருந்தவன் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்காக மைதானத்தை இரண்டு சுற்று ஓட வைத்தார்கள். ஓடும்போது கிண்ணம் பிடித்த என் கையில் சந்தன வாசனை அடிப்பதுபோல இருந்தது. மூக்கை அவள் சந்தனத்தால் உயர்த்தினாள். உயர்ந்த மூக்கைப் பள்ளத்தில் நிறுத்தினால் குழல் தாழும். பெரியப்பாவின் ஐந்து குண்டும் தாழ்ந்தன. எவ்வளவு தாழ்கின்றன என்று அந்த ஐந்து தழும்புகளில் பார்த்துக்கொண்டாள். அதே அளவு மேலே குறி வைத்தாள். வருஷா வருஷம் மோர் கொடுத்தபோது காதில் விழுந்த வித்தை அது, சொன்னவர் பெரியப்பாவேதான்.

இதைச் சொன்னால் என் மகன், "அப்ப அது ஏமாத்துதானேப்பா?" என்கிறான். சொல்லட்டும். அவள் பெயரில் எழுதிய நிலம் அது. அவளுக்குச் சொந்தமானதை அவளே ஜெயித்துக்கொள்ளட்டும் என்று பந்தயம் வைத்தவர் பெரியப்பா. அதை ஏமாற்று என்று ஏன் யாரும் சொல்வதில்லை? சந்தனத்தைத் துடைத்துவிட்டுச் சுட அவருக்கு யாரும் தடை போடவில்லை. மச்சான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. நான் எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் கணக்கு அத்தை பக்கம்தான் நிற்கிறது.

அன்றைக்குப் பெரியப்பா துப்பாக்கியை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தார். குழல் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நைனாவைப் பார்த்து, "மாட்ட ஓட்டிகினு வாடா" என்றார். பெண் ஏரைத் தொடக்கூடாது என்று பெரியம்மா முணுமுணுத்தாள். அத்தை ஏரைத் தொடவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் நைனா உழுதுகொண்டு போனார். பள்ளிப்பட்டுக்காரர் மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அந்த வருஷம் வேர்க்கடலை அவ்வளவு நன்றாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்றி வந்தது. அத்தை தகர டப்பாவைத் தட்டி விரட்டினாள். அல்வா வந்த டப்பா. அதன்பின் கண்ணை மூடும்வரை அந்தக் காணியில் அவள்தான் பயிர் வைத்தாள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜை. அதே வரிசை, அதே வாழையிலை. நான் கிண்ணத்தோடு அத்தைக்குப் பின்னால் வந்தேன். எந்த வருஷமும் பொட்டு வைக்கிற இடத்துக்கு வராத பெரியப்பா அன்றைக்கு வந்து ரிவால்வருக்கு எதிரில் குந்தினார். பிடியில் ஒன்று, உருளையில் ஒன்று, குழலில் ஒன்று. அத்தை கிண்ணத்தில் மறுபடியும் விரலை விட்டாள். பெரியப்பா கையை நீட்டி, அந்த மூக்கைத் தன் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

அத்தை அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் விரலில் இருந்த சந்தனத்தை அவருடைய கட்டைவிரல் நகத்தின் மேலேயே வைத்து, ஊதி, குங்குமத்தையும் ஒற்றினாள். பெரியப்பா சிரித்தார். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அந்தச் சிரிப்பை நான் முன்னால் பார்த்ததில்லை. அத்தையும் சிரித்தாள். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பெரியம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சி உங்களுக்கு?" என்றாள்.

அவர்கள் இன்னும் சிரித்தார்கள். நான் மட்டும் கிண்ணத்தைப் பிடித்தபடி, அந்த நான்காவது பொட்டைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதா பெரியப்பா கணக்கில் சேர்ப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.